லினக்ஸ் உங்களுக்கு ஒத்துவருமா: நிறுவும் முன்பே தெரிந்துகொள்ளும் வழி

மேசைக் கணினியில், விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமாகிய லினக்ஸைப் பயன்படுத்துவது எளிதா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை தருபவர்கள், கேட்பவர் தம் கணினியில் என்ன வேலை செய்கிறார் என்பதை விசாரிக்காமலே விடை தருகிறார்கள். இணையத்தில் உலாவுவது, மின்னஞ்சல் பார்ப்பது, காணொளி காண்பது, எப்போதாவது ஒரு கடிதம் தட்டச்சு செய்வது என்ற அளவில் நிற்பவருக்கு இன்றைய லினக்ஸ் முதல் நாளிலிருந்தே எளிது. நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவருக்கும் எளிது. இவ்விருவருக்கும் இடையில் இருப்பவருக்குத்தான் சிரமம். ஆண்டுக்கணக்கில் விண்டோஸில் உழைத்து, தம் துறைக்குரிய மென்பொருள்களில் தேர்ச்சி பெற்று, எந்த அமைப்பு எந்தச் சாளரத்துக்குள் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் அவர். தாம் கற்றவற்றில் ஒரு பங்கைக் கைவிட வேண்டியிருப்பதே அவருடைய சிரமத்துக்குக் காரணம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்பதால், நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் பல கணினிகள் அதற்கு மாற இயலாமல் நிற்கின்றன. அப்படிப்பட்ட கணினியை வைத்திருப்பவர்கள் பலர் இப்போதுதான் முதன்முறையாக லினக்ஸைப் பற்றி யோசிக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி. லினக்ஸ் தமக்கு ஒத்துவருமா என்பதை, வன்தட்டில் ஒரு கோப்பைக்கூட மாற்றாமல், தம் கணினியிலேயே தம் வேலைகளைக் கொண்டே சோதித்து அறிய முடியும்.

வேலைகளின் பட்டியல்

முதலில் செய்ய வேண்டியது ஒரு பட்டியல். ஒரு வாரத்துக்குக் கணினியில் செய்யும் ஒவ்வொரு வேலையையும், அதற்குப் பயன்படும் மென்பொருளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிவாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் வேலைகளை நினைவுபடுத்திச் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் தொல்லை தருபவை பெரும்பாலும் அவைதான். வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கணினியில் செருகும் மின்னொப்பச் சாவிக்கு லினக்ஸ் இயக்கி (கருவியை இயங்குதளத்தோடு இணைந்து வேலை செய்யவைக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்பது, தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் தெரியவரக் கூடாது.

பட்டியல் முடிந்ததும் அதை மூன்றாகப் பிரிக்கலாம். உலாவியில் நடக்கும் வேலைகள் அனைத்தும் முதல் வகை. ஃபயர்பாக்ஸும் குரோமும் லினக்ஸில் அப்படியே கிடைப்பதால் இங்கே எதுவும் மாறுவதில்லை. சில கட்டணக் காணொளிச் சேவைகள் மட்டும் தங்கள் மிகவுயர்ந்த தெளிவுநிலையை லினக்ஸ் உலாவிகளுக்குத் தருவதில்லை. இரண்டாம் வகையில், அதே மென்பொருளோ அதற்கு இணையான மாற்றோ லினக்ஸில் இருக்கும் வேலைகள் வரும். விஎல்சி, தண்டர்பேர்ட், ஓபிஎஸ் ஸ்டூடியோ, டெலிகிராம், ஜூம் ஆகியவை இரு பக்கமும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆபிஸுக்குப் பதில் லிப்ரே ஆபிஸும், படம் திருத்த கிம்ப்பும், வரைவதற்குக் கிரிட்டாவும், காணொளி தொகுக்க கேடென்லைவும் இருக்கின்றன.

மூன்றாம் வகையே முடிவைத் தீர்மானிக்கிறது. ஃபோட்டோஷாப், ஆட்டோகேட், விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்குப்பதிவு மென்பொருள், அலுவலகம் கட்டாயப்படுத்தும் பாதுகாப்பு மென்பொருள், ஏமாற்றுத் தடுப்பு நிரலோடு வரும் வேலரன்ட் போன்ற இணைய விளையாட்டுகள் ஆகியவை லினக்ஸில் நேரடியாக இயங்கா. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்ட உதவும் ஒயின் என்ற இடைநிலை மென்பொருள் 1993 முதல் வளர்ந்துவருகிறது. அதன்மேல் கட்டப்பட்டு 2018இல் வெளிவந்த புரோட்டானால் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் உள்ள ஏராளமான விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுகின்றன. ஆனாலும் பிழைப்புக்குரிய மென்பொருளை ஒயினை நம்பி மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்று ஓடுவது அம்மென்பொருளின் அடுத்த புதுப்பிப்பில் நின்றுபோகலாம். அப்போது அதன் நிறுவனமும் உதவிக்கு வராது. மூன்றாம் வகையில் உங்கள் தொழிலின் முதன்மை மென்பொருள் ஒன்று இருந்தால், அந்தக் கணினியில் விண்டோஸையே தொடர்வதுதான் நேர்மையான முடிவு.

மென்பொருளை முதலில் மாற்றுங்கள், இயங்குதளத்தைப் பிறகு

இரண்டாம் வகை மென்பொருள்களில் பெரும்பாலானவை விண்டோஸிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. எனவே லினக்ஸைத் தொடுவதற்கு முன், ஒரு மாதம் விண்டோஸிலேயே லிப்ரே ஆபிஸையும் தண்டர்பேர்டையும் கிம்ப்பையும் கொண்டு வேலை செய்து பாருங்கள். லினக்ஸுக்கு மாறியவர்கள் சொல்லும் குறைகளில் கணிசமானவை உண்மையில் புதிய மென்பொருளைப் பற்றியவை. இயங்குதளமும் மென்பொருளும் ஒரே நாளில் மாறும்போது எந்தச் சிரமம் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. இந்த ஒரு மாதம் அந்தக் குழப்பத்தை நீக்கிவிடும்.

ஆவணங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேர்டில் உருவாக்கிய கோப்பை லிப்ரே ஆபிஸ் திறக்கும், திருத்தும், அதே வடிவத்தில் சேமிக்கவும் செய்யும். எளிய கடிதங்களில் வேறுபாடு தெரியாது. பெட்டிகளும் படங்களும் நிறைந்த பக்கங்களில் வரிகள் இடம்மாறுவதுண்டு. அதற்குப் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். கலிப்ரி, கேம்ப்ரியா போன்ற மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்கள் லினக்ஸோடு வருவதில்லை. அவற்றின் எழுத்து அகலங்களை ஒத்துச் செய்யப்பட்ட கார்லிட்டோ, காலடியா என்னும் எழுத்துருக்களை நிறுவிவிட்டால் வரிகள் பெருமளவு தம் இடத்திலேயே நிற்கும். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் ஆகியவற்றுக்கு லிபரேஷன் எழுத்துருக்கள் அதே பணியைச் செய்கின்றன. பிறர் திருத்தத் தேவையில்லாத ஆவணத்தை பிடிஎஃப் ஆக அனுப்பும் பழக்கம் இந்தத் தொல்லையை அடியோடு தவிர்க்கும். எக்செல் கோப்புக்குள் மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) எழுதி வைத்திருப்பவர்கள் மட்டும் மிகக் கவனமாகச் சோதிக்க வேண்டும். அவற்றில் பல லிப்ரே ஆபிஸில் ஓடுவதில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு இரண்டு செய்திகள். ஒருங்குறித் (யூனிகோடு) தமிழ் எந்த முயற்சியுமின்றித் திரையில் சரியாகத் தெரியும். நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துரு பெரும்பாலான வழங்கல்களில் (மின்ட், உபுண்டு எனப் பல பெயர்களில் வெளிவரும் லினக்ஸ் தொகுப்புகளில்) முன்பே இருக்கும், இல்லாவிட்டால் மென்பொருள் மேலாளரிலிருந்து சேர்க்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்புகளை மறவாமல் எடுத்துவந்து நிறுவ வேண்டும். தட்டச்சுக்குத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப்பொறி முறை ஆகிய எல்லாம் உண்டு. விசைப்பலகைப் பட்டியலில் நேரடியாகத் தெரியும் தமிழ்நெட்99 அமைப்பு விசைகளை மட்டுமே மாற்றித் தரும். தானாகப் புள்ளியிடும் வசதியோடு தமிழ்99 வேண்டுமென்றால், ஐபஸ் உள்ளீட்டு முறைக்கான எம்17என் தொகுப்பை நிறுவி அதிலுள்ள தமிழ்99ஐச் சேர்க்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் முதல் அமைப்பைத் தேர்ந்துவிட்டு, லினக்ஸில் தமிழ்த் தட்டச்சு சரியில்லை என்று ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள் என்பதாலேயே இதை இவ்வளவு விளக்குகிறேன்.

எந்த வழங்கல்

நூற்றுக்கணக்கான லினக்ஸ் வழங்கல்கள் இருப்பது உண்மை. புதியவர் அவற்றை ஒப்பிட்டுக்கொண்டு நாள்களைச் செலவிடுவது வீண். விண்டோஸ் பழக்கமுள்ளவர்கள் லினக்ஸ் மின்டின் சின்னமன் பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். கீழே பட்டை, இடது மூலையில் பட்டி, வலது மூலையில் கடிகாரம் என்று எல்லாம் எதிர்பார்க்கும் இடத்தில் இருக்கும். நான்கு ஜிபி நினைவகமோ அதற்கும் குறைவோ உள்ள பழைய கணினிக்கு அதே மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். புதிய தோற்றத்துக்குப் பழகத் தயங்காதவர்கள் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தேரலாம்; அப்பதிப்புகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளிவந்து, ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறுகின்றன. இவற்றைத் தாண்டி முதல் முறையிலேயே தேட வேண்டியதில்லை.

நிறுவாமல் ஓட்டிப் பார்த்தல்

தேர்ந்த வழங்கலின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து, இயங்குதளம் முழுவதையும் அடக்கிய ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்குங்கள். மின்டின் கோப்பு ஏறத்தாழ மூன்று ஜிபி இருக்கும். தளத்தில் தரப்பட்டுள்ள எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணோடு உங்கள் கோப்பின் எண்ணை ஒப்பிடுவதைத் தவிர்க்காதீர்கள்; பாதியில் பழுதான கோப்பு, பிறகு விளங்காத பிழைகளாகத் தலைகாட்டும். எட்டு ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்து, அதில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதை நினைவில் வைத்து, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் மென்பொருளால் ஐஎஸ்ஓவை அதில் எழுதுங்கள். கோப்பை பென் டிரைவுக்குள் வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் கணினி அதிலிருந்து துவங்காது.

கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, இயக்கியவுடன் துவக்கப் பட்டிக்குரிய விசையை அழுத்த வேண்டும். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவை வழக்கமானவை. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைக்க வேண்டும் என்று பழைய குறிப்புகள் சொல்லும்; மின்ட், உபுண்டு, ஃபெடோரா ஆகிய வழங்கல்கள் மூன்றும் அது இயங்கும்போதே துவங்கக்கூடியவை. சற்று நேரத்தில் முழுமையான லினக்ஸ் மேசை திரையில் தோன்றும். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் குறைவாகவே இருக்கும். அதை வைத்து லினக்ஸின் வேகத்தை மதிப்பிடக் கூடாது. இங்கே நீங்கள் சேமிப்பவை, தனியாக வேறிடத்தில் வைக்காவிட்டால், அணைத்ததும் மறைந்துவிடும்.

இந்தச் சோதனைக்கு ஒரு மாலைப் பொழுதை முழுமையாக ஒதுக்குங்கள். வைஃபை இணைகிறதா என்று முதலில் பாருங்கள். இணையவில்லையென்றால், குறிப்பாக பிராட்காம் சில்லுள்ள பழைய மடிக்கணினிகளில் இது நேரும், கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு இயக்கி மேலாளரைத் திறந்தால் உரிய இயக்கியை அது காட்டக்கூடும். பிறகு ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, கேமரா ஆகியவற்றை ஓர் உண்மையான காணொளி அழைப்பில் சோதியுங்கள். புளூடூத் காதணிக் கருவி, திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசைகள், இரண்டாம் திரை, தொடுதிட்டில் இரு விரலால் நகர்த்துவது எனப் பழகிய ஒவ்வொன்றையும் செய்து பாருங்கள். மடிக்கணினியின் மூடியை மூடி, சில நிமிடங்கள் கழித்துத் திறந்து, விழித்தெழுகிறதா என்று கவனியுங்கள். தூங்கி விழிப்பதில்தான் சில மாதிரிகள் இன்னும் தடுமாறுகின்றன. கைரேகை உணரிகள் பலவற்றுக்கு இன்றும் லினக்ஸ் இயக்கி இல்லை என்பதால், அது வேலை செய்யாவிட்டால் வியக்க வேண்டாம். கடவுச்சொல் போதும் என்று ஏற்றுக்கொள்ள முடியுமா என்பதே கேள்வி.

அச்சுப்பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வைஃபை வழியாகக் கைப்பேசியிலிருந்து நேரடியாக அச்சிடும் வசதியுள்ள பொறி உங்களிடம் இருந்தால், லினக்ஸ் பெரும்பாலும் எந்த இயக்கியும் கேட்காமல் அதைத் தானாகவே கண்டுகொள்ளும். விண்டோஸில் நிறுவனத்தின் குறுவட்டை ஓட்டி நிறுவுவதைவிட இது எளிது என்பதில் எனக்கு ஐயமில்லை. மாறாக, விண்டோஸ் இயக்கியை மட்டுமே நம்பிச் செய்யப்பட்ட மலிவான பழைய பொறிகளில் சில லினக்ஸில் அச்சிடவே மாட்டா. ஒரு பக்கத்தை அச்சிட்டும், ஒரு தாளை வருடியும் பார்த்துவிடுங்கள்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

நிறுவும் நிரல் மொழி, நேரவலயம், பயனர் பெயர், கடவுச்சொல் எனச் சில கேள்விகளே கேட்கும். ஆபத்தான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வன்தட்டை முழுவதும் அழித்து நிறுவுவதா, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவதா என்பது. எதைத் தேர்ந்தாலும் அதற்கு முன் ஆவணங்களையும் படங்களையும் வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பார்த்துவிட வேண்டும்.

இரண்டையும் வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் விண்டோஸிலேயே சில வேலைகளை முடிக்க வேண்டும். பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். துவக்க அமைப்பு மாறும்போது விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும், சாவி இல்லாவிட்டால் கோப்புகள் திறவா. விரைவுத் துவக்கம் என்ற அமைப்பை அணையுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, அதனால் வன்தட்டில் அதற்குரிய பகுதியில் லினக்ஸ் எழுத முடியாமல் போகிறது. லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியாலேயே சுருக்கி விடுவிப்பது பாதுகாப்பானது. நிறுவும் நிரலுக்கு வன்தட்டே தெரியவில்லையென்றால், பயாஸில் (கணினி இயங்கத் தொடங்கும்போது வன்பொருளைக் கட்டுப்படுத்தும் அடிப்படை அமைப்பில்) சேமிப்பகம் இன்டெல் ஆர்எஸ்டி முறையில் இருக்கலாம். அதை மாற்றினால் விண்டோஸ் துவங்காமல் போகக்கூடும் என்பதால், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இரட்டைத் துவக்கத்தில் இரு இயங்குதளங்களும் கடிகாரத்தை வெவ்வேறு முறையில் படிப்பதால் நேரம் சில மணி தவறிக் காட்டுவதுண்டு; லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் அது சரியாகிவிடும். கணினியில் இடமிருந்தால், லினக்ஸுக்கென்று தனி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்துவது இத்தனை கவலைகளையும் பெருமளவு குறைக்கும்.

முதல் வாரத்துப் பழக்கங்கள்

நிறுவியவுடன் முதல் வேலை டைம்ஷிஃப்டை இயக்குவது. மின்டில் அது முன்பே இருக்கிறது. இயங்குதளத்தின் நிலையை அவ்வப்போது அது பதிந்துவைப்பதால், ஒரு புதுப்பிப்போ நீங்கள் செய்த மாற்றமோ கெடுதல் விளைவித்தால் முந்தைய நிலைக்கு மீளலாம். உங்கள் சொந்தக் கோப்புகளை அது இயல்பாகப் பதிவதில்லை. அவற்றுக்குத் தனி நகல் வேண்டும். அடுத்து, புதுப்பிப்பு மேலாளர் காட்டுவதையெல்லாம் நிறுவி, என்விடியா அட்டை இருந்தால் இயக்கி மேலாளர் பரிந்துரைக்கும் இயக்கியைச் சேர்த்துவிடுங்கள்.

மென்பொருளைப் பெறும் வழியில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். தேடுபொறியில் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, இருமுறை சொடுக்கி நிறுவும் விண்டோஸ் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். மென்பொருள் மேலாளரைத் திறந்து, பெயரைத் தட்டி, நிறுவு என்பதை அழுத்தினால் போதும். கைப்பேசி பயன்படுத்தும் எவருக்கும் இம்முறை பழக்கமானதே. இவ்வாறு நிறுவியவை அனைத்தும் இயங்குதளத்தோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படும். ஃபிளாட்ஹப் என்ற களஞ்சியத்திலிருந்து வருபவற்றில், உருவாக்கியவராலேயே வெளியிடப்பட்டவை என்று சரிபார்க்கப்பட்டவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

கோப்புகளைப் பொறுத்தவரை, வன்தட்டுப் பகுதிகளைக் குறிக்கும் சி, டி என்ற எழுத்துகள் லினக்ஸில் இல்லை. உங்களுடையவை எல்லாம் இல்லக் கோப்புறைக்குள் இருக்கும். வெளி வன்தட்டுகள் பக்கப்பட்டையில் தோன்றும். ஆங்கிலக் கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகக் கருதப்படும்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தைப் பற்றிய அச்சம் மிகையானது, ஆனால் ஆதாரமற்றதன்று. அன்றாட வேலைகளுக்கு அதைத் திறக்கவே தேவையில்லை. சிக்கல் வரும்போது இணையத்தில் கிடைக்கும் தீர்வுகள் பெரும்பாலும் கட்டளை வரிகளாகவே இருக்கும். எந்த மேசைச் சூழலிலும் ஒரே வரி வேலை செய்யும் என்பதால் உதவுபவர்கள் அப்படித் தருகிறார்கள். அப்படிப்பட்ட வரியை ஒட்டும் முன், அது உங்கள் வழங்கலுக்கும் பதிப்புக்கும் எழுதப்பட்டதா, அந்தக் குறிப்பு எந்த ஆண்டைச் சேர்ந்தது, அவ்வரி என்ன செய்கிறது என்ற மூன்றையும் பாருங்கள். நிர்வாகி கடவுச்சொல்லைக் கேட்கும் கட்டளைக்கு முழுக் கணினியையும் மாற்றும் ஆற்றல் உண்டு. விளங்காத கட்டளையை ஒட்டாமல் விடுவது ஒருபோதும் தவறாகாது.

வீட்டிலுள்ள வேறொருவருக்காக நிறுவும்போது

பெற்றோருக்காகவோ முதியவருக்காகவோ நிறுவுவது நன்றாகவே அமையும், அவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும். கேட்காமல் மாற்றிவைத்துவிட்டால், அதன்பின் அந்தக் கணினியில் எது பழுதானாலும் பழி லினக்ஸின்மீதே விழும். அவர்கள் முன்னிலையில், அவர்கள் பட்டியலைக் கொண்டே, பென் டிரைவில் ஓட்டிக் காட்டுங்கள். நிறுவியபின் எழுத்தளவைப் பெரிதாக்கி, அவர்கள் திறக்கும் நான்கைந்து மென்பொருள்களின் சின்னங்களை மட்டும் மேசையில் வைத்து, புதுப்பிப்புகள் தானாக நடக்கும்படி அமைத்து, தொலைவிலிருந்து திரையைப் பார்க்க உதவும் மென்பொருள் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். பக்கத்தில் கேட்டு உதவக்கூடிய ஒருவர் இருப்பது, எந்த வழங்கலைத் தேர்ந்தோம் என்பதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

திரும்பிச் செல்லும் வழியையும் தொடக்கத்திலேயே அமைத்துக்கொள்ள வேண்டும். வன்தட்டை அழிக்கும் முன், மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் கருவியால் விண்டோஸ் நிறுவலுக்கான பென் டிரைவ் ஒன்றைத் தயார்செய்து பெயரெழுதி வைத்துவிடுங்கள். விண்டோஸோடு விற்கப்பட்ட அண்மைக்காலக் கணினிகளில் உரிமம் அந்த வன்பொருளோடு இணைக்கப்பட்டிருப்பதால், அதே பதிப்பை மீண்டும் நிறுவி இணையத்தோடு இணைத்தால் அது பொதுவாகத் தானாகவே செயல்படத் தொடங்கும். சாவி தாளில் ஒட்டித் தரப்பட்ட பழைய கணினியென்றால், அந்த எண்ணையும் அதே பென் டிரைவோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.